பழைய குவாட் 33 பிரீஆம்ப், எஃப்எம்3 டியூனர்: வீட்டு மேசையில் அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஆடியோ பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தால் இரண்டு விதமான ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். விற்றவர், "சவுண்டு அப்படியே தேன் மாதிரி இருக்கும், எதையும் தொடாதீங்க" என்பார். நண்பர், "முதல்ல எல்லா கண்டென்சரையும் மாத்திடுங்க" என்பார். இரண்டு பேருமே எதையும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பழைய பெட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி, இன்றைய புதுப் பெட்டியைவிட நன்றாக இருக்கிறதா என்பது அல்ல. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்தது போல இப்போதும் இருக்கிறதா என்பதுதான். அதற்கு லட்சக்கணக்கில் விலை போகும் ஆடியோ அனலைசர் தேவையில்லை. ஸ்டீரியோ பெட்டிக்குள்ளேயே ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. இடது சேனலும் வலது சேனலும் ஒரே வரைபடத்தில், ஒரே நாளில், ஒரே கையால் செய்யப்பட்டவை. இரண்டும் ஒரே மாதிரி அளந்தால் அது பெரும்பாலும் வடிவமைப்பின் குணம், இல்லையென்றால் நம் அளவுக் கருவியின் கோளாறு. இரண்டும் வேறுபட்டால் அங்கேதான் வயது தெரிகிறது. இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. விதிவிலக்கு ஒன்று உண்டு. அது பவர் சப்ளை. அங்கே அப்புறம் வருகிறேன்.

மேசையில் இருப்பது

நான் எடுத்துக்கொள்ளும் ஜோடி குவாட் 33 பிரீஆம்பும் (சிறிய சிக்னலைப் பவர் ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற அளவுக்கு உயர்த்துவது) எஃப்எம்3 டியூனரும் (எஃப்எம் வானொலியைப் பிடிப்பது). இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கர் நடத்திய அக்கூஸ்டிகல் மேனுஃபேக்சரிங் கம்பெனியின் தயாரிப்பு. 33 வந்தது 1967-இல், 303 பவர் ஆம்ப்ளிஃபையரோடு. எஃப்எம்3 அதற்குச் சில வருடம் கழித்து. இரண்டும் ஒரே அளவு முகப்பு கொண்டவை. ஒரே மரக்கூட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும்.

அளப்பதற்கு இந்த ஜோடி வசதியானது. காரணம், இதன் கணக்குகள் தெளிவானவை. 33-இன் ரேடியோ உள்ளீட்டுக்கு 100 மில்லிவோல்ட் போதும், இசைத்தட்டு உள்ளீட்டுக்கு 2 மில்லிவோல்ட் போதும். வெளியே 303-க்கு 0.5 வோல்ட் போகும். அதாவது வால்யூம் முழுதாகத் திறந்திருக்கும்போது ரேடியோ வழியில் 5 மடங்கு, 14 டெசிபல். இசைத்தட்டு வழியில் 250 மடங்கு, 48 டெசிபல். இந்த இரண்டு எண்களும்தான் நம் முதல் குறி.

இன்னொரு வசதி, முகப்பில் இருக்கும் 'கேன்சல்' பொத்தான். அதை அழுத்தினால் டோன் கண்ட்ரோலும் ஃபில்டரும் பாதையிலிருந்து விலகிவிடும். ஏன் இது முக்கியம் என்பது மூன்றாவது படியில் புரியும்.

படி 1: மின்சாரம் கொடுப்பதற்கு முன்

பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 120 வோல்ட்டில் நிற்கலாம். நம் 230-ஐக் கொடுத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஃப்யூஸைக் கழற்றி, அதில் எழுதியிருக்கும் மதிப்பைப் படியுங்கள். முந்தைய உரிமையாளர் யாரோ செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சீரிஸ் போர்டு. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் அதே சாதனம்தான். பல்பு ஒன்று வரிசையில் இருக்கும். ஆனால் பிரீஆம்பும் டியூனரும் சில வாட் மட்டுமே எடுப்பவை. 100 வாட் பல்பைப் போட்டால் கோளாறு இருந்தாலும் சட்டென்று தெரியாது. இழை உள்ள 'ஜீரோ வாட்' பல்பு போடுங்கள். பெயர்தான் ஜீரோ, உண்மையில் அது 15 வாட் அளவுக்கு எடுக்கும். எல்ஈடி வகை இதற்கு உதவாது. போட்டவுடன் பல்பு ஒரு கணம் மினுங்கி மங்கினால் சரி. பளிச்சென்று நின்றுவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே ஏதோ ஷார்ட்.

மங்கினால் பல்பை எடுத்துவிட்டு நேராக மின்சாரம் கொடுத்து அரைமணி நேரம் ஓடவிடுங்கள். இரண்டு சேனல் வெளியீட்டிலும் டிசி இருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பாருங்கள். இருக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் சில வோல்ட் காட்டினால், அந்தப் பக்கத்து வெளியீட்டு எலக்ட்ரோலிட்டிக் (பெரிய மதிப்புள்ள கெப்பாசிட்டர், கடைப்பேச்சில் கண்டென்சர்) கசிகிறது என்று அர்த்தம். விதி முதல் நிமிடத்திலேயே வேலை செய்கிறது பாருங்கள்.

சுத்தம் செய்வதை இப்போது தொடங்க வேண்டாம். ஒவ்வொரு பொத்தானையும் இருபது தடவை அழுத்தி விடுங்கள், ஒவ்வொரு திருகையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை சுற்றுங்கள். துருவைத் தேய்த்து விடுவதற்கு இது போதும். ஸ்பிரே அடிப்பது முதல் அளவெடுப்பு முடிந்த பிறகு. வந்த நிலையில் எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், பிறகு செய்த எந்த வேலை எதைச் சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாது.

படி 2: அளவுகோலை முதலில் அளக்க வேண்டும்

தேவையானவை: லேப்டாப், லைன் உள்ளீடும் வெளியீடும் உள்ள ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ரூம் ஈக்யூ விஸார்ட் மாதிரி இலவச மென்பொருள், ஒரு மல்டிமீட்டர், சில ரெசிஸ்டர்கள்.

மல்டிமீட்டரில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் அந்த மஞ்சள் மீட்டரில் ஏசிக்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்று இரண்டே நிலை இருக்கும். அதில் அரை வோல்ட்டை அளப்பது, லாரி எடை மேடையில் மஞ்சள் தூளை நிறுப்பது மாதிரி. ஏசி 2 வோல்ட் அல்லது அதற்குக் குறைந்த நிலை உள்ள மீட்டர் வேண்டும்.

இன்னொன்று, சாதாரண மீட்டர்கள் வீட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் பலவும் பொய் சொல்லத் தொடங்கும். ஆகவே 1 கிலோஹெர்ட்ஸில் அளவு பொருத்த வேண்டாம். 200 ஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 50-இன் பக்கத்திலும் போக வேண்டாம், மின்சார இரைச்சல் கலந்துவிடும். மென்பொருளில் 200 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, மீட்டரில் 0.500 வோல்ட் வரும்வரை ஏற்றுங்கள். அதையே இன்டர்ஃபேஸின் உள்ளீட்டுக்குக் கொடுத்து, மென்பொருளிடம் "இது 0.5 வோல்ட்" என்று சொல்லிவிடுங்கள். அதோடு இன்டர்ஃபேஸின் கெயின் திருகின் மேல் ஒரு செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். நடுவில் யாராவது அதைத் தொட்டால் அன்றைய எண்கள் எல்லாம் வீண்.

பிறகு வெளியீட்டை நேராக உள்ளீட்டுக்கு இணைத்து, இன்டர்ஃபேஸை மட்டும் தனியாக அளந்து சேமியுங்கள். அதன் இரைச்சலும், ஒலிச் சிதைவான டிஸ்டார்ஷனும்தான் உங்கள் பார்வையின் எல்லை. அதற்குக் கீழே இருப்பதை இந்த மேசையில் காண முடியாது.

உள்ளீட்டு மின்தடையையும் கவனியுங்கள். சில இன்டர்ஃபேஸ்களில் லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் மட்டுமே. குவாட் 33-க்கு இது பெரிய தொல்லை இல்லை. ஆனால் டைனக்கோ பிஏஎஸ்-3 மாதிரி வால்வு பிரீஆம்பை இதே மேசையில் வைத்தால் பாஸ் (அடித்தொனி) காணாமல் போகும். கணக்கு எளிது: வெளியீட்டு கெப்பாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட் என்றால், 10 கிலோ ஓம் சுமையில் 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடும். அதே கெப்பாசிட்டர் 100 கிலோ ஓம் சுமையில் 3.4 ஹெர்ட்ஸ் வரை தாங்கும். இரண்டு சேனலும் ஒரே மாதிரி பாஸை இழந்தால், கெப்பாசிட்டரைத் திட்டுவதற்கு முன் உங்கள் மேசையைப் பாருங்கள்.

கடைசியாக, ஒயர். இந்தக் குவாட் பெட்டிகளில் டின் (DIN) எனப்படும், பல பின் கொண்ட வட்டச் சாக்கெட்டுகள்தான். ஆர்சிஏவிலிருந்து டின்னுக்கு ஒயர் நீங்களே பற்றவைப்பது நல்லது. எந்தப் பின் இடது, எந்தப் பின் வலது என்று கையேட்டைப் பார்த்தோ, ஒரு சேனலில் மட்டும் சிக்னல் கொடுத்தோ உறுதி செய்துகொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம். பற்றவைக்கும்போது டின் பிளக்கின் பிளாஸ்டிக் சூட்டில் இளகி, பின்கள் கோணிக்கொள்ளும். பழைய டின் சாக்கெட் ஒன்றை வைஸில் இறுக்கி, அதில் பிளக்கைச் செருகியபடியே பற்றவையுங்கள். பின்கள் அசையாது, சூட்டையும் சாக்கெட் வாங்கிக்கொள்ளும். மூன்று பிளக்கைப் பாழாக்கிய பிறகுதான் இது எனக்குப் பழகியது.

படி 3: ரேடியோ உள்ளீடு வழியாக

'கேன்சல்' அழுத்தி இருக்கட்டும். பேலன்ஸ் நடுவில். வால்யூம் முழுதாக. ரேடியோ உள்ளீட்டில் 1 கிலோஹெர்ட்ஸ், 100 மில்லிவோல்ட். வெளியே 0.5 வோல்ட் பக்கத்தில் வர வேண்டும். இரண்டு சேனலையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு ஸ்வீப், அதாவது அதிர்வெண்ணைக் கீழிருந்து மேல்வரை ஓடவிட்டு வெளியீட்டை வரைவது. கோடு தட்டையாக வரும். அதன்மேல் 'கேன்சலை' விடுவித்து, டோன் திருகுகளை நடுக்கோட்டில் வைத்து, ஃபில்டரை எடுத்துவிட்டு இன்னொரு ஸ்வீப் எடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தால் டோன் பகுதி நலமாக இருக்கிறது. பாஸில் மட்டும் ஒரு சேனல் வளைந்தால், டோன் பகுதியின் கெப்பாசிட்டரோ பொட்டென்ஷியோமீட்டரோ (திருகுக்குப் பின்னால் இருக்கும் மாறும் மின்தடை) நகர்ந்திருக்கிறது. டோன் பகுதியைக் கழித்துவிட்டு அளக்கும் வசதி பல பழைய பெட்டிகளில் கிடையாது. வால்வுக் காலத்து பிரீஆம்ப் பலவற்றில் நடுக்கோடு உண்மையான தட்டை நிலையே அல்ல. ஸ்வீப் எடுத்து, எந்தக் கோணத்தில் தட்டையாகிறது என்று தேடிப் பிடித்து, திருகில் பென்சில் கோடு போட்டுக்கொள்வதுதான் வழி.

ஃபில்டரை அளக்கும்போது நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், இந்தப் பெட்டியிலேயே அழகான பகுதி அதுதான். 10, 7, 5 கிலோஹெர்ட்ஸ் என்று மூன்று பொத்தான். பக்கத்தில் சரிவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகு. ஒவ்வொரு பொத்தானுக்கும் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பல ஸ்வீப் எடுத்தால், ஒரே இடத்திலிருந்து கிளம்பும் விசிறி மாதிரி கோடுகள் விரியும். கீறல் விழுந்த பழைய இசைத்தட்டுகளை, 78 சுற்று அரக்குத் தட்டுகளைக்கூட, பொறுமையாகக் கேட்க வைக்கத்தான் இவ்வளவு வேலைப்பாடு. இன்றைக்கு இப்படி ஒன்றைக் காண்பது அரிது. விசிறி இரண்டு சேனலிலும் ஒரே வடிவம் என்றால் மேலே போகலாம்.

வால்யூம் திருகை அளப்பது சலிப்பான வேலை, ஆனால் காதுக்கு நேரடியாகத் தெரியும் குறை இங்கேதான் இருக்கும். கடிகார முள் கணக்கில் 8, 9, 10, 12 மணி நிலைகளில் இரண்டு சேனலின் வித்தியாசத்தைக் குறியுங்கள். ஒரு டெசிபலுக்குள் இருந்தால் மகிழ்ச்சி. கீழ்க்கோடியில் இரண்டு மூன்று டெசிபல் விலகுவது பழைய இரட்டைப் பொட்டென்ஷியோமீட்டரின் இயல்பு. நீங்கள் இரவில் மெதுவாகக் கேட்கும் நிலையில் விலகினால்தான் கவலை.

சேனல் கசிவுக்கு, இடதில் சிக்னல் கொடுத்து வலதில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். வலது உள்ளீட்டைச் சும்மா திறந்து விட்டால் எண் மோசமாக வரும், ஏனென்றால் திறந்த உள்ளீடு ஆன்டெனா போலப் பக்கத்துச் சிக்னலைப் பிடிக்கும். அதை ஷார்ட் செய்துவிட்டு அளங்கள். 40 டெசிபல் பிரிவு கிடைத்தால் போதும். இசைத்தட்டில் ஓடும் ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜே 25, 30 டெசிபலுக்கு மேல் தருவது அரிது.

டிஸ்டார்ஷனை 0.5 வோல்ட் வெளியீட்டில் அளந்துவிட்டு, மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் எண் சட்டென்று எகிறுகிறதோ அதுதான் கூரை. இரண்டு சேனலின் கூரையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் அந்தச் சேனலில் ஒரு டிரான்சிஸ்டரின் டிசி நிலை நகர்ந்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் கசியும் எலக்ட்ரோலிட்டிக் அல்லது மதிப்பு ஏறிப்போன ரெசிஸ்டர்.

இந்த உள்ளீட்டில் இன்றைய சிடி பிளேயரின் 2 வோல்ட்டை நேராகச் செருகுபவர்கள் உண்டு. 100 மில்லிவோல்ட்டுக்கு அது 26 டெசிபல் அதிகம். வால்யூம் திருகு ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்குள்ளேயே அலறும். "குவாட் 33 கரகரப்பு" என்று வரும் புகார்களில் சில இந்த வகைதான். இடையில் 18 கிலோ ஓம், 1 கிலோ ஓம் வைத்து ஒரு அட்டென்யுவேட்டர் போட்டால் 2 வோல்ட் 105 மில்லிவோல்ட்டாக இறங்கும்.

படி 4: இசைத்தட்டு உள்ளீடு

முதலில் மூடியைத் திறந்து டிஸ்க் போர்டு எந்தப் பக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 33-இல் இந்தச் சின்ன போர்டைக் கழற்றித் திருப்பிச் செருகினால் வேறு வகைக் காட்ரிட்ஜுக்கு ஏற்றதாக மாறிவிடும். இரண்டு சேனலிலும் ஒரே அளவுக்குப் பல டெசிபல் குறைந்தால், கோளாறு இல்லை, போர்டு வேறு முகம் காட்டிக்கொண்டிருக்கிறது. போர்டின் விளிம்புத் தொடர்புகள் கறுத்திருந்தால் ஒரு சேனல் வந்து வந்து போகும். சுத்தம் செய்யும் நேரம் வரும்போது ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலில் முதலில் இதைத்தான் துடைக்க வேண்டும்.

இன்டர்ஃபேஸிலிருந்து சில மில்லிவோல்ட்டை நேராக எடுக்க முடியாது, இரைச்சல் கூடவே வரும். 10 கிலோ ஓம், 51 ஓம் இரண்டையும் வைத்து ஒரு பிரிப்பான் செய்துகொள்ளுங்கள். ஒரு வோல்ட் கொடுத்தால் 5.07 மில்லிவோல்ட் வெளியே வரும்.

இசைத்தட்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டி வெட்டுவார்கள். பிரீஆம்ப் அதைத் திருப்பிப் போட வேண்டும். 1954-இல் நிலைபெற்ற ஆர்ஐஏஏ வளைவு அதுதான். 1 கிலோஹெர்ட்ஸை பூஜ்யமாக வைத்தால் வர வேண்டிய எண்கள்: 20 ஹெர்ட்ஸில் +19.3 டெசிபல், 50-இல் +16.9, 100-இல் +13.1, 200-இல் +8.2, 500-இல் +2.6. மேல் பக்கம் 2 கிலோஹெர்ட்ஸில் −2.6, 5-இல் −8.2, 10-இல் −13.7, 20-இல் −19.6.

பலர் சறுக்கும் இடம் இது. 20 ஹெர்ட்ஸில் பிரீஆம்ப் 1 கிலோஹெர்ட்ஸைவிட ஒன்பது மடங்கு அதிகமாகப் பெருக்குகிறது. 5 மில்லிவோல்ட்டில் ஸ்வீப்பைத் தொடங்கினால், அடியில் அது 46 மில்லிவோல்ட் கொடுத்த மாதிரி. அங்கே சுற்று முட்டி நின்றுவிட்டால், வரைபடத்தில் அது பாஸ் குறைந்தது போலத்தான் தெரியும். கெப்பாசிட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். ஆகவே ஸ்வீப்புக்கு 1 மில்லிவோல்ட் போதும்; இன்டர்ஃபேஸை 0.2 வோல்ட்டுக்கு இறக்குங்கள்.

30 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரண்டு சேனலும் சேர்ந்து ஒன்று இரண்டு டெசிபல் இறங்கினால் பதற வேண்டாம். டர்ன்டேபிளின் உறுமலை வெட்டுவதற்காக அந்தக் காலத்தில் தெரிந்தே செய்தது அது. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு சேனல் மட்டும் அரை டெசிபலுக்கு மேல் விலகினால் ஆர்ஐஏஏ கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள்.

ஓவர்லோடு அளவை 1 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். வால்யூமுக்கு முன்னால் இருக்கும் டேப் வெளியீட்டில் பார்ப்பது நல்லது, பின்னால் உள்ள பகுதி முட்டுவதைத் தவறாகக் கணக்கில் சேர்க்காமல் இருக்கலாம். 5 மில்லிவோல்ட் தரும் காட்ரிட்ஜ், உரத்து வெட்டிய தட்டில் அதைப்போல ஐந்து மடங்கு வரைகூட எகிறும். கூரை அதற்கு மேலே இருக்க வேண்டும்.

இரைச்சலை இரண்டு தடவை அளங்கள்: உள்ளீட்டை ஷார்ட் செய்து ஒரு தடவை, நிஜக் காட்ரிட்ஜை இணைத்து ஒரு தடவை. விளம்பரங்களில் வரும் அழகான எண் முதல் வகை. நீங்கள் கேட்பது இரண்டாவது வகை.

ஹம்: 50-ஆ, 100-ஆ?

பவர் சப்ளை இரண்டு சேனலுக்கும் பொது. அது கெட்டால் இரண்டும் சேர்ந்து கெடும். இடது-வலது சாட்சி அங்கே செல்லாது. அதற்கு வேறு சாட்சி இருக்கிறது, அதிர்வெண்.

முழு அலை ரெக்டிஃபையருக்குப் பின்னால் மிச்சமிருக்கும் அலை 100 ஹெர்ட்ஸில் இருக்கும். வரைபடத்தில் 100, 200, 300 என்று முட்கள் உயர்ந்து நின்றால் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் காய்ந்துவிட்டது. 50 ஹெர்ட்ஸ் மட்டும் தனியாக ஓங்கி நின்றால், அது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அல்லது எர்த் லூப். அரை அலை ரெக்டிஃபையர் உள்ள பெட்டிகளில் சப்ளையின் மிச்சமே 50-இல் வரும். வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனாலும் ஹம் நிற்கிறது என்றால், நுழையும் இடம் வால்யூமுக்குப் பின்னால்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஒரு பிரீஆம்பை அளந்தபோது 50 ஹெர்ட்ஸில் மலை மாதிரி ஒரு முள். இரண்டு சேனலிலும் ஒரே உயரம். ராத்திரி பதினொரு மணி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருந்த கெப்பாசிட்டர்கள் கைவசம் இருந்தன; சப்ளையில் இருந்த எல்லாவற்றையும் மாற்றினேன். முள் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. ஒரு மணிக்கு அலுத்துப்போய் லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். மூடுவதற்கு முன் திரையைப் பார்த்தால், மலை இருந்த இடத்தில் ஒரு சின்னப் புல். சார்ஜரின் எர்த்தும் பிரீஆம்பின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையம் போட்டிருக்கின்றன. அன்றிலிருந்து லேப்டாப் பேட்டரியில்தான் ஓடுகிறது.

படி 5: டியூனர்

டியூனருக்கு எஃப்எம் சிக்னல் ஜெனரேட்டர் இருந்தால் எல்லாம் சுலபம். அது இல்லாமலேயே எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்போம். நம் பக்கத்தில் நல்ல சிக்னலுக்குக் குறைவில்லை. இந்தியாவில் எஃப்எம் ஒலிபரப்பு தொடங்கியதே 1977 ஜூலை 23-இல் மதராஸில்தான். இன்றைக்குச் சென்னையில் 101.4, 102.3 மெகாஹெர்ட்ஸ் அகில இந்திய வானொலி அலைவரிசைகள் இருக்கின்றன. தெற்கே கொடைக்கானலின் 100.5 பல மாவட்டங்களுக்கு எட்டும். எஃப்எம்3-இன் அளவு 87.5 முதல் 108 வரை, ஆகவே எல்லாம் அகப்படும். ஜப்பான் உள்நாட்டுக்காகச் செய்த பழைய டியூனர் 76 முதல் 90 வரைதான் போகும். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

ஸ்டேஷன் பிடிப்பதற்கு எஃப்எம்3-இல் முள் கிடையாது. இரண்டு சின்ன விளக்குகள். இரண்டும் ஒரே பிரகாசத்தில் எரிந்தால் நடுவில் நிற்கிறோம். பேச்சு நிகழ்ச்சி ஒன்றைப் பிடித்து, 'ச', 'ஸ' ஒலிகளைக் கவனித்தபடி மெல்ல இரண்டு பக்கமும் திருப்புங்கள். அந்த ஒலிகள் எச்சில் தெறிக்கிற மாதிரி கரடுமுரடாகும் இடங்கள் இரண்டு பக்கமும் சம தூரத்தில் இருக்க வேண்டும். அவற்றின் நடுப்புள்ளியில் விளக்குகள் சமமாக எரிய வேண்டும். விளக்கு ஒரு இடம், காது ஒரு இடம் என்றால் டிடெக்டர் (ரேடியோ அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) நகர்ந்திருக்கலாம், அல்லது விளக்குகளில் ஒன்றே வயதாகி மங்கியிருக்கலாம்.

எந்த நிலையிலும் உள்ளே இருக்கும் ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) காயில்களின் திருகைத் தொடாதீர்கள். 10.7 மெகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று இசைந்து நிற்பவை அவை. நான் வாங்கிய டியூனர் ஒன்றை முன்பு யாரோ ஒரு மெக்கானிக் 'கொஞ்சம் டைட்' பண்ணி வைத்திருந்தார். அதைத் திரும்ப நிலைக்குக் கொண்டுவர கடன் வாங்கிய ஜெனரேட்டரோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

இங்கும் இடது-வலது விதி வேறு ஒரு முகத்தைக் காட்டுகிறது. ஆன்டெனாவிலிருந்து டிடெக்டர் வரை ஒரே பாதை. ஸ்டீரியோ டிகோடரில்தான் அது இரண்டாகப் பிரிகிறது. இரண்டு சேனலும் சேர்ந்து மோசமென்றால் கோளாறு டிகோடருக்கு முன்னால், ஒன்று மட்டும் என்றால் பின்னால்.

இரைச்சலை அளக்க, அறிவிப்பாளர் மூச்சு விடும் இடைவெளிகள் உதவும். தனியார் ஸ்டேஷன்களில் அந்த இடைவெளியே கிடைக்காது. வானொலிச் செய்திக்குக் காத்திருங்கள். பதிவு செய்து, இடைவெளியின் அளவையும் பேச்சின் உச்ச அளவையும் ஒப்பிடுங்கள். இதில் ஸ்டுடியோவின் இரைச்சலும் சேர்ந்திருக்கும், ஆகவே இது டியூனரின் தனி எண் அல்ல. பிறகு இரண்டு சேனலையும் ஆளுக்கொரு 10 கிலோ ஓம் வழியாக ஒன்று சேர்த்து மோனோவாக அளங்கள். சிக்னல் பலமாக இருந்தால் வித்தியாசம் சிறிது. பலவீனமாக இருந்தால் ஸ்டீரியோ சுமார் 20 டெசிபல்கூட அதிகம் இரையும். அது எந்த டியூனருக்கும் உள்ளது, ஸ்டீரியோ முறையின் விலை.

உணர்திறனுக்கு ஒரு நாட்டு வழி: கேபிள் டிவிக்காரர்கள் பயன்படுத்தும் 75 ஓம் அட்டென்யுவேட்டர்கள், 3, 6, 10, 20 டெசிபல் என்று கிடைக்கும். ஆன்டெனா ஒயரில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எத்தனை டெசிபலில் இரைச்சல் தாங்க முடியாமல் போகிறது என்று எழுதிவையுங்கள். இது ஒப்பீட்டு எண்தான். ஆனால் அதே ஆன்டெனாவில், அதே ஸ்டேஷனில், இரண்டு டியூனர்களையோ ஒரே டியூனரை இரண்டு வருட இடைவெளியிலோ ஒப்பிட இது போதும்.

காகிதத்தில் உள்ள எண்களை ஒப்பிடும்போது ஏமாறாதீர்கள். பிரிட்டிஷ் கையேடுகள் 75 ஓமில் மைக்ரோவோல்ட் சொல்லும், அமெரிக்கக் கையேடுகள் 300 ஓமில். 75 ஓமில் 1 மைக்ரோவோல்ட்டும் 300 ஓமில் 2 மைக்ரோவோல்ட்டும் ஒரே சக்திதான். சக்தியை டெசிபலில் சொல்லும் டிபிஎஃப் (dBf) கணக்கில் இரண்டுமே 11.2.

ஜெனரேட்டர் இல்லாமலேயே துல்லியமாகப் பார்க்கக்கூடிய ஒன்று பைலட் கசிவு. ஒவ்வொரு ஸ்டீரியோ ஸ்டேஷனும் 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையான ஒலியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. முழு மாடுலேஷனில் அது சுமார் 9 சதவீதம், அதாவது −21 டெசிபல். ஒலிபரப்பில் கூட்டிய ட்ரெபிளைத் திரும்ப இறக்கும் 50 மைக்ரோ விநாடி டீ-எம்ஃபசிஸ், 19 கிலோஹெர்ட்ஸை இன்னும் 15.6 டெசிபல் இறக்கும். ஆக, வேறு ஃபில்டரே இல்லாவிட்டாலும் −36.5 டெசிபல் வர வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு இருக்கிறதோ அது டியூனரின் பைலட் ஃபில்டரின் புண்ணியம். ஒரு சேனலில் மட்டும் முள் உயர்ந்திருந்தால் அந்தப் பக்கத்து ஃபில்டர் நகர்ந்திருக்கிறது. கேசட்டில் பதிவு செய்தவர்களுக்கு இது முக்கியம், கேசட்டின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி சுற்றைப் பைலட் குழப்பிவிடும்.

டீ-எம்ஃபசிஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50 மைக்ரோ விநாடி, அமெரிக்காவில் 75. அமெரிக்க டியூனரை இங்கே அப்படியே கேட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் 3.3 டெசிபல் குறையும். "அமெரிக்க டியூனருக்கு ஒரு வெதுவெதுப்பு உண்டு" என்று சிலர் உருகுவதற்குப் பின்னால் இந்த 3.3 டெசிபல் இருக்கலாம். டிகோடருக்குப் பின்னால் உள்ள ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெருக்கிப் பாருங்கள்: 5 கிலோ ஓம், 10 நானோஃபாரட் என்றால் 50 மைக்ரோ விநாடி. 75 வந்தால் இரண்டு சேனலிலும் கெப்பாசிட்டரை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் போதும். இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்துவதாகப் பொறுக்கிப் போடுங்கள்.

படி 6: எழுதி ஒட்டுவது

அளவு முடிந்ததும் ஒரு அரைத்தாளில் தேதி, அன்றைய மின்சார வோல்டேஜ், இன்டர்ஃபேஸின் பெயர், டிஸ்க் போர்டு நின்ற பக்கம், பிறகு இடது வலது எண்கள். இதில் விலகியிருக்கும் இடங்களை மட்டும் சிவப்பு மையில் சுற்றுங்கள். பழுது பார்ப்பது அந்தச் சிவப்பு வட்டங்களில் தொடங்கட்டும். ஒவ்வொரு பாகம் மாற்றிய பிறகும் அந்த ஒரு எண்ணை மட்டும் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். நான் இந்தத் தாளை மரக்கூட்டின் உட்புற அடிப்பக்கத்தில் ஒட்டிவிடுவேன், வென்டிலேஷன் ஓட்டைகளை விட்டுவிட்டு.